நாணலும் கரும்பும்: ஜானகி அம்மாள் (1897–1984)

டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் வாதாடினார் உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. ஆனால், பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது அப்போது அவர்கள் இருவருக்குமே தெரியாது. அடுத்த தலைமுறைகள் அதை, செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் தேடின. அப்படித் தேடியவர்களில் ஒருவர், தலச்சேரியில் பிறந்து, சென்னையிலும் மிச்சிகனிலும் படித்த ஜானகி அம்மாள்.

1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பு பூத்து விதை பிடிக்க ஏற்ற சீதோஷ்ணம் கோவையில் உண்டு. 1912இல் நிலையம் இங்கே அமைந்ததும் அதனால்தான்.

எதிரே உள்ள, கரும்பின் காட்டு உறவான நாணல் தூரைப் பாருங்கள். தண்டு மெல்லியது, இனிப்பு சொற்பம், பூ வெள்ளிக் கதிர். இதன் செல்லில் 64 குரோமோசோம்கள். தடித்த இனிப்புக் கரும்பில் 80. இடத்துக்கு இடம் நாணலின் எண்ணிக்கை 40 முதல் 128 வரை மாறும். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்த ஜானகி அம்மாள், குரோமோசோம்கள் பெருகும்போது புதுத் தாவர இனங்கள் உருவாகும் விதத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, மரபியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் 1945இல் நூல் வெளியிட்டார். 1977இல் பத்மஸ்ரீ பெற்றார். முதிய வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் திட்டமிட்ட மின்திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.