பெட்டை சேவலாக மாறுகிறதா?

இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசெல் நகரில் 1474ஆம் ஆண்டு ஒரு சேவலை விசாரித்துத் தண்டித்தார்கள். முட்டையிட்டது அதன் குற்றம். சேவல் இட்ட முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் கொடிய நச்சுப் பிராணி பிறக்கும் என்று அக்கால ஐரோப்பா நம்பியது. ஆகவே முட்டையோடு சேர்த்துப் பறவையையும் தீயிலிட்டார்கள். முட்டையைக் கண்டு நடுங்கியவர்களுக்கு, இட்டது சேவல்தானா என்று கேட்கத் தோன்றவில்லை. சினைப்பை பழுதுபட்டும் முட்டையிடுவதை அடியோடு நிறுத்திவிடாத பெட்டையாக அது இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கூவும் பெட்டையைக் காட்டி ‘பால் மாறிய கோழி’ என்று நாம் அதிசயிப்பதிலும் அதே அவசரம் இருக்கிறது. கொண்டையும் கூவலும் சேர்ந்தால் சேவல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தோற்றம், சுரப்பி, உயிரணு ஆகிய மூன்றும் கோழியில் ஒன்றைவிட்டு ஒன்று விலகக்கூடியவை. முதல் இரண்டும் மாறலாம், மூன்றாவது மாறுவதில்லை என்பதே சான்றுகள் காட்டும் உண்மை.

பெட்டைக்கு வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான். கருவில் இரு பக்கமும் உருவாகத் தொடங்கினாலும், வலப்பக்கத்தது வளர்ச்சி நின்று, இன்னதென்று சொல்ல முடியாத சிறு திசுவாகத் தங்கிவிடுகிறது. கட்டியோ நோயோ இடப்பக்கத்தை அழித்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போகிறது. அதுவரை அடங்கியிருந்த வலப்பக்கத் திசு விழித்துக்கொண்டு, பல நேரங்களில் விந்தகத்தின் அமைப்பைப் பெறுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்.வி. டாம் 1920களில் இளம் பெட்டைகளின் இடச் சினைப்பையை அறுவை செய்து நீக்கி இதைக் காட்டினார். அவை கொண்டை வளர்த்தன, கூவின, அடுத்த இறகு உதிர்வுக்குப் பின் சேவல் இறகும் பெற்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேவல் தோற்றம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் ஒன்றல்ல. கொண்டை பெருப்பது ஆண் ஹார்மோனால். பகட்டான இறகு முளைப்பதோ ஈஸ்ட்ரோஜன் இல்லாமையால். காயடித்த சேவலின் கொண்டை சுருங்கி வெளுத்தாலும் இறகு சேவலுடையதாகவே நீடிப்பது இதனால்தான். செப்ரைட் என்ற குட்டை இனத்தில் இதற்கு நேர்மாறு: சேவலின் தோலே ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுவதால், பெட்டை இறகோடு திரியும் அந்தச் சேவல் குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆகிறது. இறகைப் பார்த்துப் பாலைச் சொல்வது அவ்வளவு நம்பகமானதல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எடின்பரோவில் எஃப்.ஏ.ஈ. க்ரூ 1923இல் விவரித்த ஆர்பிங்டன் பெட்டை, முன்பு முட்டையிட்டுத் தாயான பறவை. பின்னர் சினைப்பை நோயால் அழிய, வேறொரு பெட்டையோடு இணைந்து இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையானது. தாயும் தந்தையுமாக இருந்த பறவையை முழுமையாக மாறியது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சுரப்பியின் அளவில் அது மாறியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கோழியில் இசட், டபிள்யூ என்ற இரு குரோமோசோம்களைக் கொண்டது பெட்டை. இரண்டும் இசட் என்றால் சேவல். நோய் இதைத் திருத்தி எழுதுவதில்லை. தந்தையான அந்தப் பெட்டையின் விந்தணுக்களில் பாதி டபிள்யூவைச் சுமந்திருக்க வேண்டும். இரண்டு டபிள்யூ சேர்ந்த கரு பிழைக்காது என்பதால், அதன் சந்ததியில் ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டைகள் பொரித்திருக்க வேண்டும். இயல்பான சேவலுக்கு அது சரிபாதி. இரண்டே குஞ்சுகளை வைத்து இந்தக் கணக்கைச் சோதிக்க முடியாதுதான். தவிர, இப்படித் தந்தையாவது மிகமிக அரிது. கூவும் பெட்டைகள் பெரும்பாலானவற்றில் விந்து வெளியேறும் வழியே முழுதாக வளர்ந்திருப்பதில்லை.

மேலும் அழுத்தமான சான்று அதே எடின்பரோ வட்டாரத்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்திலிருந்து 2010இல் வந்தது. ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி பெட்டையாகவும் இருந்த கோழிகளை அங்கே ஆராய்ந்தார்கள். சேவல் பாதியில் தாடி பெரியது, மார்புத் தசை தடித்தது. இரு பாதிகளிலும் ஓடியது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள். ஆயினும் சேவல் பாதியில் மிகுதியாக இருந்தவை இரண்டு இசட் கொண்ட உயிரணுக்கள், மறுபாதியில் டபிள்யூ கொண்டவை. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு இதை வேறு வழியில் உறுதிசெய்தது. இசட் குரோமோசோமில் உள்ள டி.எம்.ஆர்.டி.1 என்ற மரபணுவின் ஒரு பிரதியைச் செயலிழக்கச் செய்தால், சேவல் கருவில் விந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் சினைப்பை உருவாகிறது; ஆனால் வளர்ந்த பறவையின் உடல் சேவலுடையதாகவே இருந்தது.

அப்படியென்றால் எல்லாம் உயிரணுவிலேயே முடிந்துபோனதா, ஹார்மோனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கூவும் பெட்டையின் கொண்டையே அதற்குப் பதில். உயிரணுவில் டபிள்யூ இருக்கும்போதே ஹார்மோன் கொண்டையை வளர்த்துவிடுகிறதே! ஒவ்வொரு உறுப்பும் இரண்டில் எதற்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதே சரியான கேள்வி. கொண்டையும் இறகும் ஹார்மோன் பக்கம் மிகுதியாகச் சாய்கின்றன, உடலின் பருமனும் தசையும் உயிரணுவின் பக்கம். பாலூட்டிகளில் விந்தகமோ சினைப்பையோ சுரக்கும் ஹார்மோனின் கை இதைவிட மிகவும் ஓங்கியிருக்கிறது. எனவே மனிதரின் பால் பற்றிய சச்சரவில் எந்தக் கட்சியினரும் கோழியைச் சாட்சிக்கு இழுப்பது பொருந்தாது.