கத்தி பட்ட உடலும் கட்டிலைச் சூழும் நாமும்

அறுவை நலமாய் முடிந்தது என்று மருத்துவர் சொன்னதும், பழக்கூடையோடு நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்துகொள்ளுகிறோம். அவ்வேளையில் அவருடலினுள் நிகழ்வது என்ன?

நோய் தீர்க்கும் கத்தியா, பகைவனின் கத்தியா என்று உடல் பகுத்தறியாது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் பெருகுகின்றன. காயத்தின் அழற்சி எல்லை மீறாதவாறு கார்ட்டிசால் அடக்குகிறது. அதனாலேயே, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றலும் சில நாள்களுக்குத் தளர்கிறது. மயக்க மருந்துகள் சிலவும் இத்தளர்ச்சிக்குத் துணைபோகக்கூடும். எனினும் அவற்றுக்கு அஞ்ச வேண்டா. அறுவையின் தாக்கமே பெரிது.

மயக்கம் உடல் வெப்பத்தையும் குறைக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிட, காயத்துக்குச் செல்லும் பிராணவாயு குறைகிறது. ஆஸ்திரியாவில் பெருங்குடல் அறுவை பெற்ற 200 பேரிடம் நடத்தப்பெற்று, 1996-இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. உடல் குளிர்ந்தோரில் 19 விழுக்காட்டினருக்குக் காயத்தில் கிருமி தொற்றியது. வெப்பம் காக்கப்பட்டோரில் 6 விழுக்காட்டினருக்கே தொற்றியது. ஒரு கதகதப்பான போர்வைக்கு இத்துணை வலிமை!

வலியும் அதே சுரப்புகளைத் தூண்டுகிறது. "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நோயாளிகளிடம் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். இனி, "வலியை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்" என்போம்.

புகைப்போர் அறுவைக்கு நான்கு வாரங்கள் முன்னரேனும் அதனை விடுவது நன்று. சளி, இருமல் உள்ள நாம் வீட்டிலிருந்தே மன்றாடுவோம். மற்றையோர் கை கழுவிச் சென்று, சில நிமிடங்களில் விடைபெறுவோம். சில நாள்கள் விலகி நிற்பதும் அன்பே.