வலிக்காமல் பழுதாகும் கிட்னி

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வலியோடு வருவது அரிது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘கிட்னி போச்சோ’ என்று பயந்து வருபவர்களில் பலருக்குத் தசைப்பிடிப்போ தண்டுவடத் தேய்மானமோதான் இருக்கும். கல் அடைத்தால் வலிக்கும், கிருமி தொற்றினால் வலிக்கும்; மெல்லச் செயலிழக்கும்போது சத்தமே இருக்காது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் ரத்தத்தை வடிகட்டுகின்றன. சில லட்சம் அழிந்தாலும் மிஞ்சியவை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிடும். அதனால், ‘உப்பு கூடியிருக்கு’ என்று சொல்லப்படும் கிரியாட்டினின் உயர்வு, பலருக்குச் செயல்திறன் பாதியாகக் குறைந்த பிறகே தெரிகிறது.

அதற்கு வெகு முன்பே பலருக்குச் சிறுநீரில் அல்புமின் இறங்கத் தொடங்கியிருக்கும். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் நெஃப்ரானின் நுண்சல்லடையைச் சிதைக்கும்போது, ரத்தத்தில் தங்கவேண்டிய இந்தப் புரதம் வெளியேறுகிறது. கசிவு மிகும்போது நுரைக்கும். வேகமாகப் போனால் எவருக்கும் குமிழி வரும். அது சிறிது நேரத்தில் உடைந்துவிடும். புரத நுரை, அடித்த முட்டை வெள்ளைக்கருபோல அடையாக நிற்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகக் கலையாது.

அடுத்தது வீக்கம். காலையில் கண்ணைச் சுற்றி ஊதியிருக்கும், மாலையில் கணுக்காலில் இறங்கியிருக்கும். முன்னங்கால் எலும்பின்மேல் கட்டைவிரலைச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழும். இதயம், கல்லீரல் கோளாறுகளிலும் கால் வீங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பதும் அப்படித்தான்: புராஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரையாகவும் இருக்கலாம்.

அரிப்பு, குமட்டல், வாயில் உலோகச் சுவை ஆகியவற்றையும் ஆரம்ப அறிகுறிகளோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அது தவறான ஆறுதல். இவை பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வருகின்றன.

ஆரம்பத்திலேயே பிடிக்க இரண்டு பரிசோதனைகள் போதும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். ரத்தப் பரிசோதனையில் கணக்கிடப்படும் வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட நோய். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் இவற்றை ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாளில் அல்புமின் தற்காலிகமாகக் கூடலாம். அப்போது வந்த முடிவை மறுபரிசோதனைக்குப் பிறகே மருத்துவர்கள் உறுதிசெய்கிறார்கள்.