செம்பனை அடிமரமும் பென்சில் நிழலும்

பென்சிலால் நிழல் தீட்டும் பயிற்சியைப் பழம், குவளை, முகம் எனப் பெயருள்ளவற்றில் தொடங்குவதே வழக்கம் என்றாலும், புதிதாகக் கற்போருக்கு அதைவிடப் பயன் தருவது பெயரற்ற வடிவங்களாலான அரூப ஓவியமே. பொருளின் பெயர் தெரிந்ததும் மனம் அதன் சாயலைத் தேடத் தொடங்குவதால், எந்த இடம் எவ்வளவு வெளுத்திருக்கிறது, எவ்வளவு கறுத்திருக்கிறது என்னும் ஒளியளவு, அதாவது ஓவியர்கள் 'டோன்' என வழங்குவது, கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதற்கேற்ற வடிவங்களுக்கு, செம்பனை வளரும் மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பஞ்சமில்லை. நாட்டிலேயே செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக 1917இல் நடப்பட்டது இவ்வட்டாரத்தின் பத்தாங் பெர்ஜுந்தையை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவை, அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனையின் அடிமரத்தை நெருங்கி நோக்கினால், வெட்டிய மட்டைகளின் அடித்துண்டுகள் மரத்தைச் சுற்றிச் சுருள்வரிசையில் அமைந்திருப்பதையும், ஒவ்வொரு துண்டின் மேல்விளிம்பு வெளுத்தும், பெரணி வேரூன்றிய கீழிடுக்கு ஈரத்தில் கறுத்தும் இருப்பதையும் காணலாம். அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டையிட்டு அதன்வழியே பார்க்கும்போது, மரம் மறைந்து வெளுப்பும் கறுப்புமான வளைவுகளே எஞ்சுகின்றன. வரைய வேண்டியது அவற்றையே.

வரையுமுன், தாளின் வெண்மை முதல் பென்சில் தரக்கூடிய முழுக் கருமை வரை ஐந்து கட்டங்களைப் படிப்படியாக நிரப்பி ஓர் அளவுகோல் செய்துகொள்வது நன்று. பென்சில் கருவில் களிமண் மிகுந்தால் கோடு வெளிறியும், கிராஃபைட் மிகுந்தால் கறுத்தும் விழும். 1795இல் பிரான்சின் நிக்கோலா ழாக் கோந்தே இவ்விரண்டையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்த முறையே இன்றைய எச், பி தரங்களுக்கு அடிப்படை. எச்பி, 2பி, 6பி ஆகிய மூன்றே இப்பயிற்சிக்குப் போதும்.

கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மங்கி, பெரிய ஒளித்திட்டுகளும் இருள்திட்டுகளும் தெளிவாகப் பிரியும். வளைவின் ஓர் ஓரத்தை அழுத்தமாகக் கறுப்பாக்கி, எதிர் ஓரம் நோக்கி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே சென்றால், தட்டையான தாளில் மடிப்பும் பருமனும் எழுவதைக் கற்பவர் தாமே கண்டறிவார். கருமையை ஒரே அழுத்தில் கொண்டுவர முயலாமல், மெல்லிய கோட்டடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதே தாளுக்கும் நல்லது. விரலால் தேய்த்து மழுப்பும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை கறையாகப் படிவதோடு, அரும்பாடுபட்டுப் பிரித்த அளவுகள் அனைத்தும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும்.

செலவு மிகக் குறைவான இப்பயிற்சியைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஓவியப் பாடத்தில் சேர்த்து, மாணவர்களைத் தாளும் பென்சிலுமாக அருகிலுள்ள செம்பனை நிரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.