இரும்புக்குக் காற்று மெத்தை

லண்டனில் நிலப்படங்களும் உலக உருண்டைகளும் செய்து விற்றுவந்த ஜோசப் மாக்சன், 1683-84இல் அச்சுத்தொழிலுக்கு ஒரு கைநூல் எழுதி வெளியிட்டார். எழுத்து வார்ப்பது முதல் தாளைக் காயப்போடுவது வரை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். அதில் மர அச்சுப்பொறியின் மேல் விட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் வருகிறது. விட்டத்தின் இரண்டு முனைகளும் பக்கத் தூண்களில் குடைந்த துளைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். துளை சற்றுப் பெரிது. முனைக்கு மேலே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் எதைத் திணிப்பது என்பது அச்சடிப்பவரின் விருப்பம். கெட்டியான மரச்சில்லைத் திணித்தால் கைத்தண்டு சட்டென்று முட்டி நிற்கும். ஃபெல்ட்டையோ காகித அட்டையையோ திணித்தால் இழுவை நீளும். கடைசியில் மெதுவாகக் கனத்து நிற்கும்.

அழுத்துவதற்கென்றே செய்த பொறிக்குள் கம்பளியைச் செருகுவானேன்? திருகு கீழே இறங்கி எழுத்தின் மேல் தாளை அழுத்தும்போது, அதே விசை விட்டத்தை மேலே தள்ளுகிறது. மேலே தள்ளப்பட்ட விட்டம் எங்கே, எவ்வளவு தூரத்தில், எப்படி நிற்கிறது என்பதுதான் தொழிலாளியின் தோளுக்குப் போய்ச் சேரும் செய்தி. கைத்தண்டை இழுப்பவர் கையால் மட்டும் இழுப்பதில்லை. காலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கிறார். அந்த உடம்பின் வேகம் ஒரு கணத்தில் முட்டி நின்றால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுகளுக்கே. ஒரு மணிக்கு 250 தாள் என்பது அக்காலத்துக் கணக்கு. அழுத்துபலகை சிறியதாக இருந்ததால் ஒரு தாளுக்கு இரண்டு இழுவை. ஆக, மணிக்கு 500 இழுவை. ஃபெல்ட் துண்டின் அருமை மாலையில்தான் தெரிந்திருக்கும்.

அந்த மரப்பொறியில் மெத்தை வைத்த இடம் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். எழுத்துகளைப் பூட்டிய பாரம் ஒரு கல்லின் மேல் கிடக்கும். அந்தக் கல் ஆடாமல் சமமாக உட்கார, அதன் கீழே தவிடோ காகிதமோ பரப்புவார்கள். தாளைத் தாங்கும் சட்டத்துக்கு டிம்பன் என்று பெயர். அதில் தோலை இழுத்துக் கட்டி, இரண்டு தோல்களுக்கு நடுவே கம்பளித் துணி வைப்பார்கள். மை தடவும் பந்துகள் கூடத் தோலுக்குள் கம்பளியை அடைத்தவைதான். (அந்தத் தோல் இரவில் விறைத்துப்போகாமலிருக்கச் சிறுநீரில் ஊறவைப்பது வழக்கம். பழைய அச்சகங்களைப் பற்றிக் கனிவாக எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.) பொறி முழுவதும் ஆடாமலிருக்க மேலே இருந்து கூரை வரை முட்டுக்கட்டைகள் வேறு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் 1600 வாக்கில் செய்த இரண்டு அச்சுப்பொறிகள் இன்றும் நிற்கின்றன. உலகில் எஞ்சியவற்றில் மிகப் பழையவை அவை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்ததும் இந்தக் கை அச்சுக் குடும்பம்தான்.

கம்பளிக்கு இரண்டு வேலை. ஒன்று, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. மற்றொன்று, சமமில்லாததைச் சமமாக்குவது. கையால் வார்த்த ஈய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்காது. மரப் பலகையும் துல்லியமான சமதளம் ஆகாது. நடுவில் நெகிழ்வான ஒரு படுகை இருந்தால், உயர்ந்த எழுத்து அதில் சற்றுக் கூடுதலாகப் புதையும். தாழ்ந்த எழுத்துக்கும் தாள் எட்டும். ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. நெகிழும் படுகை தாளை எழுத்தின் முகத்தோடு நிறுத்துவதில்லை. விளிம்பைத் தாண்டி இறக்கிவிடுகிறது. எழுத்து தடித்து விழுகிறது, தாளின் பின்பக்கம் மேடு தட்டுகிறது, ஈயத்தின் விளிம்பு சீக்கிரம் மழுங்குகிறது. பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வர்ஜில் கவிதைகளை அச்சிட்டபோது பார்த்தவர்கள் வியந்ததற்கு எழுத்தின் அழகு மட்டும் காரணமில்லை. தன் பொறியின் தளங்களை அவர் உலோகத்தில் துல்லியமாகச் செய்வித்திருந்தார். அதனால் மெல்லிய மெத்தை போதுமானதாக இருந்தது. வழவழப்பான தாளில் எழுத்து கூர்மையாக விழுந்தது. தளம் எவ்வளவு துல்லியமோ, மெத்தை அவ்வளவு மெலியலாம்.

1800ஐ ஒட்டி இங்கிலாந்தின் ஸ்டான்ஹோப் பிரபு முழுக்க இரும்பாலான கை அச்சைச் செய்வித்தார். ஒரே இழுவையில் முழுத் தாளும் அச்சாகும். நெம்புகோல்களின் கூட்டு, கடைசி நொடியில் விசையைப் பெருக்கித் தரும். ஆனால் மரத்துக்கு இருந்த ஒரு குணம் வார்ப்பிரும்புக்கு இல்லை. மரம் வளைந்து, முனகி, பிறகு பழைய நிலைக்கு வரும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். ஸ்டான்ஹோப்பின் முதல் வகைச் சட்டங்களுக்கு அந்தக் கதி நேர்ந்தது. பிறகு சட்டத்தைத் தடிமனாக்கி வடிவத்தையும் மாற்றினார்கள். அடுத்து வந்தவற்றில், பிலடெல்பியாவின் ஜார்ஜ் கிளைமர் 1813இல் செய்த கொலம்பியன் அச்சின் உச்சியில் ஓர் இரும்புக் கழுகு உட்கார்ந்திருக்கும். அலங்காரம் என்று தோன்றும். உண்மையில் அது அழுத்துபலகையைத் திரும்பத் தூக்கும் எதிர் எடை. லண்டனின் ஆல்பியன் அச்சு அதே வேலையைத் தலையில் பொருத்திய ஒரு சுருள்வில்லிடம் விட்டது. எனக்குக் கழுகைவிடச் சுருள்வில்தான் பிடிக்கும். எடை பலகையோடு தானும் ஆடி அதிர்வைக் கூட்டும். வில் அப்படிச் செய்யாது.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதக் கையின் வேகம். நீராவி வந்ததும் சிக்கல் வேறு அளவுக்குப் போனது.

1814 நவம்பர் 29 அன்று லண்டனின் டைம்ஸ் நாளிதழ், ஃபிரீட்ரிக் கோனிக், ஆண்ட்ரியாஸ் பாவர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் செய்த நீராவி இயந்திரத்தில் அச்சாகி வெளிவந்தது. மணிக்கு 1,100 தாள். வேலை போய்விடும் என்று கை அச்சுத் தொழிலாளிகள் பொறியை உடைத்துவிடக்கூடும் என்ற பயத்தில், இயந்திரத்தைப் பக்கத்துக் கட்டடத்தில் ரகசியமாக நிறுவி, இரவோடு இரவாக அச்சிட்டு, விடிந்த பிறகுதான் முதலாளி ஜான் வால்டர் அவர்களிடம் செய்தியைச் சொன்னார். இதில் அழுத்துபலகை இல்லை. தாளைச் சுற்றிக்கொண்டு உருளை சுழலும். அதன் கீழே பாரம் கிடக்கும் மேடை முன்னும் பின்னும் ஓடும். மேடை போய்த் திரும்பும் ஒரு நடையில் இரண்டு உருளைகள் இரண்டு தாள்களை அச்சிடும். அப்படியானால் மணிக்கு 1,100 தாளுக்கு 1,100 திருப்பம்: ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒருமுறை அந்த மேடை நின்று, எதிர்த்திசையில் ஓடத் தொடங்க வேண்டும்.

அந்த மேடையின் கனத்தை நினைத்துப் பாருங்கள். இரும்புத் தளம், அதன் மேல் ஒரு நாளிதழின் பக்கங்கள் முழுக்க ஈயம். கணக்குக்காக, எல்லாம் சேர்ந்து 1,000 கிலோ, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 500 ஜூல். அதை ஒரு சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் 50,000 நியூட்டன் விசை வேண்டும். ஐந்து டன் எடை ஒரு பற்சக்கரத்தின் மேல் உட்காருவதற்குச் சமம். பத்து சென்டிமீட்டரில் நிறுத்தினால் அரை டன் போதும். ஆற்றல் மாறவில்லை; நிற்கக் கிடைத்த தூரம்தான் மாறியது. மாக்சன் காலத்துத் தொழிலாளி விட்டத்தின் துளையில் ஃபெல்ட்டைச் செருகி வாங்கிக்கொண்டதும் அதே தூரத்தைத்தான். வேகத்தை இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். நாளிதழ் முதலாளிகள் கேட்டதெல்லாம் வேகம், மேலும் வேகம்.

மெதுவாக வேகம் குறைந்து நின்று திரும்பும் அசைவை ஒரு சாதாரணக் கிராங்க் தந்துவிடுமே என்று இயந்திரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். தரும். இங்கிலாந்தின் ஓட்லி ஊரில் 1858 முதல் செய்யப்பட்ட வார்ஃப்டேல் இயந்திரங்கள் அந்த வழியில்தான் போயின. மேடையைக் கிராங்க் ஓட்டும். உருளையை மேடையே பல்லிணைத்துச் சுழற்றும். மேடை திரும்பிவரும்போது உருளை சும்மா நிற்கும். பொறுமையான, நம்பகமான இயந்திரம். ஆனால் உருளை நிற்காமல் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு இது உதவாது. உருளையின் பரப்பும் மேடையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். மயிரிழை வித்தியாசம் வந்தாலும் எழுத்து இழுபட்டுவிடும். ஆகவே அச்சாகும் தூரம் முழுவதும் மேடைக்குச் சீரான வேகம், அது முடிந்ததும் மிகக் குறுகிய இடத்தில் முழு நிறுத்தம், உடனே திருப்பம். மேடையின் அடியில் நீளமான பல்வரிசை. அதன் மேற்புறத்தில் ஓடிய சிறு பற்சக்கரம், முனையை எட்டியதும் கீழ்ப்புறத்துக்குச் சுற்றிவந்து மேடையை எதிர்ப்பக்கம் இழுக்கும். மெத்தை இல்லாவிட்டால், சுற்றிவரும் அந்த ஒரு கணத்தில் மேடையின் ஓட்டம் முழுவதும் இரண்டு மூன்று பற்களின் மேல் விழும்.

எஃகுச் சுருள்வில் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் மணிக்கு ஆயிரக்கணக்கில் அடி வாங்கும் எஃகு களைத்துப்போய் ஒருநாள் முறியும். அதைவிடப் பெரிய குறை, சுருள்வில்லின் விறைப்பு செய்தபோது என்னவோ அதுவேதான். இன்று சிறிய பாரம், நாளை பெரிய பாரம். காலையில் மெதுவோட்டம், மாலையில் விரைவோட்டம் என்றால் அது தன்னை மாற்றிக்கொள்ளாது. இந்த இடத்தில்தான் காற்று உள்ளே வந்தது. மேடையின் இரு முனைகளிலும் உருளைக் குழல்களும், அவற்றுக்குள் நுழையும் தண்டுகளும் பொருத்தினார்கள். மேடை ஓட்டத்தின் முடிவை நெருங்கும்போது தண்டு குழலுக்குள் புகுந்து காற்றைச் சிறைப்பிடிக்கும். அமெரிக்காவின் வெஸ்டர்லி ஊரில் அச்சு இயந்திரங்கள் செய்த கால்வர்ட் காட்ரெல் இந்தக் காற்று மெத்தையைச் செம்மைப்படுத்தியதில் பெயர்பெற்றவர். பிறகு, உருளை நிற்காமல் சுழலும் ‘இரட்டைச் சுழற்சி’ இயந்திரங்களில் இது சகஜமாகிவிட்டது.

காற்றின் சிறப்பு, அது எதிர்க்கும் விதத்தில் இருக்கிறது. கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரு மடங்கு என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டிருந்தார். வெப்பம் வெளியேற நேரமில்லாமல் சடாரென்று அழுத்தினால் இரு மடங்கையும் தாண்டி, இரண்டரை மடங்குக்கு மேல் போகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவது இதனால்தான். முதலில் தண்டு உள்ளே நுழையும்போது காற்று அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. பாதி தூரம் போனதும் தடுக்கிறது. கடைசி அங்குலங்களில் சுவராக நிற்கிறது. எனவே மேடை எவ்வளவு வேகமாக வந்தாலும் குழலின் அடியை இடிப்பதற்குள் நிறுத்தப்படும். அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. சிறைப்பட்ட காற்று, வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைத் திருப்பித் தந்து மேடையை எதிர்த்திசையில் உந்திவிடுகிறது. ஃபெல்ட் ஆற்றலை விழுங்கிச் சூடாக்கிவிடும்; காற்று கடன் வாங்கியதைக் கொடுத்துவிடும். நீராவி இயந்திரத்துக்கும் பளு குறைகிறது.

ஆனால் கூடுதலாக அழுத்தினாலும் வம்பு. இயந்திரத்தை மெதுவாக ஓட்டும்போது மேடையிடம் காற்றை அமுக்கும் அளவு ஆற்றல் இருக்காது. அந்த வேலையையும் பற்சக்கரமே செய்ய நேரும், இயந்திரம் திணறும். அதனால் குழலில் திறப்புகள் வைத்து, வேகத்துக்குத் தக்கபடி எவ்வளவு காற்று சிறைப்பட வேண்டும் என்று மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். மெஷின்மேன்கள் இதைக் காதால்தான் சரிபார்த்திருக்க வேண்டும்: மெத்தை குறைந்தால் முனையில் ஓர் இடிச் சத்தம், கூடினால் சக்கரங்களில் ஒரு முக்கல்.

மேடையின் முனைகளில் காற்று அதிர்ச்சியை ஏற்றுக்கொண்ட அதே காலத்தில், உருளையின் மேலே இருந்த கம்பளிக்கும் வேலை குறைந்தது. நியூயார்க்கின் தியோடர் டி வின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உருளையைச் சுற்றிக் கம்பளிக்குப் பதிலாகக் கெட்டியான அட்டையும் தாளும் கட்டி, வழவழப்பான உலர்ந்த தாளில் மரச்செதுக்குப் படங்களைப் பிசிறில்லாமல் அச்சிட்டுக் காட்டினார். அதற்குப் பதிலாக ‘மேக் ரெடி’ வேலை கூடியது. எங்கே அச்சு மங்கலாக விழுகிறதோ அங்கே மெல்லிய தாள் துண்டை ஒட்டி உயர்த்துவது, எங்கே அதிகமோ அங்கே வெட்டிக் குறைப்பது என்று ஒரு பாரத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். கம்பளி தானாகச் செய்துவந்ததை இப்போது மனிதர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது.

நாளிதழ்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. திரும்புவதுதான் தொல்லை என்றால் திரும்பவே வேண்டாம் என்று, ரிச்சர்ட் ஹோ எழுத்துகளையே ஒரு பெரிய உருளையின் மேல் பூட்டினார். 1847இல் பிலடெல்பியாவின் பப்ளிக் லெட்ஜர் நாளிதழில் அது மணிக்கு 8,000 தாள் ஓடியது. சுழல்வதற்கு முனை இல்லை. முட்டுவதற்கும் எதுவும் இல்லை. இருந்தும் புத்தக அச்சகங்களில் முன்பின் ஓடும் மேடைகள் அடுத்த நூறாண்டுக்கு மேலும் காற்று மெத்தையோடு ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இன்று நம் கைக்கு வரும் பத்திரிகைகளில் பெரும்பாலானவை ஆஃப்செட்டில் அச்சாகின்றன. 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல், தாள் வராமல் போன ஒரு சுற்றில் கல்லச்சின் மை ரப்பர் விரிப்பின் மேல் இறங்கி, அங்கிருந்து அடுத்த தாளின் பின்பக்கம் விழுந்ததைக் கவனித்தார். நேரடியாக விழுந்த அச்சைவிட ரப்பர் வழியாக வந்தது கூர்மையாக இருந்தது. அதுவரை தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மெத்தை, அன்றிலிருந்து தாளைத் தொட்டு அச்சிடும் பரப்பாகிவிட்டது. ஆனால் ரப்பருக்கு ஒரு குணம்: அமுக்கினால் அதன் கன அளவு குறைவதில்லை, பக்கத்தில் பிதுங்கும். இரண்டு உருளைகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று முன்னே ரப்பர் புடைத்துக்கொண்டு, படத்தின் புள்ளிகளை இழுத்துவிடும். இதற்காக இன்றைய ‘பிளாங்கெட்’டுகளின் உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ஓர் அடுக்கை வைக்கிறார்கள். அழுத்தும்போது அந்தக் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். ரப்பர் பிதுங்க வேண்டியதில்லை. வழக்கமான பிளாங்கெட்டின் மொத்தத் தடிமன் 1.95 மில்லிமீட்டர். அதன் அடியில் எத்தனை தாள் கட்ட வேண்டும் என்பதை அச்சகத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள்.