சொல்லப்படாத பழுது

அணு உலை என்றதும் நாம் வெடிப்பைத்தான் நினைக்கிறோம். உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் எனக்கோ, பழுதைவிட அதை மறைப்பதே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று உண்டு. 2003 ஜனவரி 21 அன்று ஊழியர்கள் கழிவுத் தாங்கிப் பகுதியில் மாதிரி எடுக்கச் சென்றார்கள். குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவு என்றே நம்பினார்கள். ஆனால் வால்வு ஒன்று பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு அங்கே வந்திருந்தது. வால்வின் பழுதைக் காட்டும் கருவியோ, கதிர்வீச்சை அளக்கும் கருவியோ அவ்விடத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. கதிர்வீச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மாதிரியைச் சோதித்த பின்னரே விஷயம் தெரிந்தது. ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

ஆலையை நடத்திய பாபா அணு ஆராய்ச்சி மையம் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது ஓகஸ்ட் மாதத்தில்தான். அந்த மையத்தின் ஆலைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம், 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு, மையத்திடமே கொடுக்கப்பட்டிருந்தது. நமது விடைத்தாளை நாமே திருத்துவது போன்றது இது.

ஒரு வால்வின் பழுது உடனே அறிவிக்கப்பட்டால், அதே வகை வால்வு உள்ள மற்ற ஆலைகளும் தங்களுடையதைச் சோதித்துக்கொள்ளும். மறைத்தால் அந்த வாய்ப்பு எவருக்கும் கிடைக்காது.

இலங்கையிலும் அணுமின் நிலையம் பற்றிப் பேசப்படுகிறது. "பாதுகாப்பானதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "பழுதானால் யார், எத்தனை நாளில் எங்களுக்கு அறிவிப்பார்கள்?" என்றும் நாம் இப்போதே கேட்க வேண்டும்.