சோழகக் காலத்து ஆட்டம்

மன்னார்த் தீவிலே சோழகக் காற்று எழுந்துவிட்டால் எல்லாத் தொழிலும் அதன் சொற்கேட்டே நடக்கவேண்டும். தென்கரைக் கடற்றொழிலாளர் வள்ளங்களுடன் வடகரைக்குப் பெயர்கின்றனர். பனைகள் பகலும் இரவும் ஓலமிடுகின்றன. 2020ஆம் ஆண்டின் இறுதியிலே தென்கடலோரத்தில் நிறுவப்பெற்ற முப்பது காற்றாலைகளும் ஓய்வின்றிச் சுழல்கின்றன. பாடசாலைகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டப் போட்டிகளும் பெரும்பாலும் இதே மாதங்களிலேதான் வருகின்றன. இராட்சதச் சிறகுகளைச் சுழற்றவல்ல காற்றுக்கு, 450 கிராமுக்கு மேற்படாத ஒரு பந்து எம்மாத்திரம்?

இத்தீவின் பெண்பிள்ளைகள் பயிற்சி பெறுவதைப் பல மாலைகளில் ஆடுகளத்தின் ஓரமாக நின்று நான் பார்த்திருக்கிறேன். மணல் கலந்த தரை. சுண்ணாம்பால் இட்ட கோடுகளை அரைமணி நேரத்திற்குள் காற்று அழித்துவிடுகிறது. மன்னார்த் தெருக்களில் உரிமையோடு உலாவும் கழுதைகள் சில வேளைகளில் ஆடுகளத்தின் நடுவாகவும் நடந்துபோகின்றன. அவை கடந்து போகுமட்டும் ஆட்டம் காத்திருக்கிறது. வலைப்பந்தாட்டக் கம்பத்திலே கூடைப்பந்தாட்டத்திற் போன்று பின்பலகை கிடையாது, 3.05 மீற்றர் உயரத்தில் ஒரு வளையம் மட்டுமே உண்டு. எனவே, எய்யும் பிள்ளை வளையத்தை மட்டுமன்றிக் காற்றையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. வளையத்துக்கு ஒரு முழம் தெற்கே பார்த்து எறிந்து, காற்றே பந்தை உள்ளே கொண்டுபோய் விடும்படி செய்த சிறுமி ஒருத்தியைக் கண்டு நான் வியந்ததுண்டு.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் நம்மிடையே சிலரே. வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் தங்கை. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்களுக்கு உள்ளரங்கிலே ஓர் ஆட்டம் வேண்டுமென்று கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அடுத்த ஆண்டே, அந்நகருக்கு அணித்தான ஸ்மித் மகளிர் கல்லூரியிலே சென்டா பெரென்சன் என்ற இளம் ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். 1893 மார்ச் மாதத்திலே அக்கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் பொருதினர். பார்வையிட ஆடவர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. மூன்றாண்டுகளின் பின், 1896 ஏப்ரில் மாதத்திலே, ஸ்ரான்போர்ட், பேர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆடியபோதும் அதே விதிதான். பெண்கள் மட்டுமே நிறைந்திருந்த அவையின் முன்னே ஸ்ரான்போர்ட் அணி வென்றது. புள்ளிகள் 2க்கு 1!

பெண்கள் ஓடினால் உடல் தளரும், ஒருவரோடொருவர் மோதினால் நாணம் குலையும் என்று அஞ்சிய காலம் அது. ஆகவே பெரென்சன் அம்மையார் ஆடுகளத்தை மூன்றாகக் கோடிட்டுப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் மற்றப் பகுதிக்குள் புகலாகாது. எதிரியின் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் ஆகாது என்று வகுத்தார். அமெரிக்கப் பெண்கள் காலப்போக்கில் அக்கோடுகளைத் துறந்து, ஆடவர் ஆடும் முறையையே தமதாக்கிக்கொண்டனர். 1976இல் ஒலிம்பிக் அரங்கிலும் மகளிர் கூடைப்பந்தாட்டம் இடம்பெற்றது. இங்கிலாந்துக்குச் சென்ற கிளையோ வேறுவிதமாக வளர்ந்தது. அங்கே மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளிலே அது உருமாறி, 1901இல் தனி விதிகள் பெற்று, வலைப்பந்தாட்டமாகிப் பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்குப் பரவியது.

தடையாக இட்ட கோடுகள் பிற்காலத்தில் ஒரு கலையாகவே மாறிவிட்டன. வலைப்பந்தாட்டத்தில் ஓரணிக்கு எழுவர். பந்தைத் தரையிலே தட்டிக்கொண்டு ஓடுவதற்கு இடமில்லை. வளையத்துள் எய்யும் உரிமை இருவருக்கே உண்டு. எனவே எத்துணை வல்லவளாயினும் ஒருத்தி தனித்து ஆட்டத்தை வெல்ல இயலாது. மூன்று விநாடிக்குள் பந்து தோழியின் கைக்குப் போயாகவேண்டும். அத்தோழி அங்கே வந்து நிற்பாள் என்ற நம்பிக்கையும் வேண்டும். மன்னார் மணலிலே காற்றுக் கலைக்கின்ற அந்தச் சுண்ணாம்புக் கோடுகள், பெரென்சன் அம்மையார் அன்று இட்ட கோடுகளின் வழிவந்தவையே.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நமது நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1927ஆம் ஆண்டு கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையிலே பெண் சாரணியர் ஆடியதே இலங்கையின் முதல் வலைப்பந்தாட்டம் என்பர். நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டிருந்த நிலையை மாற்ற எண்ணி, 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியதும் இலங்கையிலேதான். அங்கே உருவான சர்வதேசச் சம்மேளனத்தின் பெயரில் கூடைப்பந்தும் வலைப்பந்தும் இணைந்தே நின்றன. அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் வலைப்பந்தாட்டத்தை 1970ஆம் ஆண்டு வரை ‘மகளிர் கூடைப்பந்தாட்டம்’ என்றே அழைத்தனர். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ன் நகரிலே நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கை மகளிரும் ஆடினர்.

கண்டியும் கொழும்பும் இவ்வாறு முன்னேற, மன்னார்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த காலம் எத்தகையது? 1990ஆம் ஆண்டிலே தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே விடுதலைப் புலிகளின் கட்டளையால் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் சில நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பள்ளித் தோழியர் ஒருவரையொருவர் இழந்தனர். ஓர் அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஆனால் எவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஆண்டுகள் அவை. போர் 2009இல் முடிந்தது. 2010இல் புதிய பாலம் திறந்தது. 2015இல் புகையிரதமும் தலைமன்னார்த் துறைவரை மீண்டும் ஓடிற்று. இன்று ஆடுகளத்தில் கோயிலடிப் பிள்ளையும் பள்ளிவாசல் தெருப் பிள்ளையும் மூன்று விநாடிக்குள் ஒருத்திக்கொருத்தி பந்தை எறிகின்றனர். வெறும் விளையாட்டென்று அதனைக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

ஆயினும் இப்பிள்ளைகளின் ஆட்டக்காலம் மிகக் குறுகியது. வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள் உள்ளன. எந்தப் படியிலே தோற்றாலும் அவ்வாண்டுக்கு ஆட்டம் முடிந்தது. வென்றாலோ வேறு வகைத் தொல்லைகள். ஒரு மாலையில் பயிற்சி நீண்டுபோக, தாயொருவர் ஆசிரியையிடம் வந்து, “ரீச்சர், பிள்ளை நல்லா விளையாடுது எண்டு எனக்கும் சந்தோசந்தான். ஆனால் கடைசி பஸ் போயிற்றெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆசிரியையிடம் மறுமொழி இல்லை. பட்டினத்திலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையிலே பேசாலையும் பல சிற்றூர்களும் உள்ளன. பொழுது சாயுமுன் பெண்பிள்ளை வீடு சேரவேண்டும் என்பது தாயின் நியாயம். பொழுது சாயும் வேளையிலேதான் வெயில் தணிந்து பயிற்சி செய்ய இயலும் என்பது ஆசிரியையின் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே அச்சிறுமி பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள்.

இவற்றையெல்லாம் கடந்து வந்தாலும், உயர்தரப் பரீட்சையோடு கதை முடிகிறது. பாடசாலை வாயிலைத் தாண்டிய மறுநாள் முதல் அவளுக்கு அணி இல்லை, பயிற்சி இல்லை, பந்தும் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதிலே, உடலும் நிதானமும் முற்றி வரும் பருவத்திலே, ஆட்டம் அவளை விட்டுப் போய்விடுகிறது.

இந்த இடத்திலே யாழ்ப்பாணத்து மங்கை ஒருத்தியை நினைக்கிறேன். 1979இல் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஏவினையில் பிறந்தவர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 2.08 மீற்றர். அந்த உயரம் இயற்கை அளித்தது. பந்தை அளித்ததோ கல்விக்கூடம். மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் காலத்திலேதான் அவர் வலைப்பந்தாட்டத்துள் புகுந்தார். பின்னர் செலான் வங்கியின் அணியிலே ஆடினார். போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டிலே இலங்கை ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது அவ்வணியில் அவர் இருந்தார்; ஒன்பது ஆண்டுகளின் பின் 2018இல் சிங்கப்பூரிலே அக்கிண்ணம் மீண்டும் கிடைத்தபோதும் இருந்தார். 2019இல் லிவர்பூல் நகரிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பதினாறு நாடுகளுள் இலங்கை பதினைந்தாம் இடத்தையே பெற்றது. ஆயினும் அப்போட்டியிலே மிகுதியான கோல்களை எய்தவர் தர்ஜினிதான், எண்ணிக்கை 348. அப்போது அவருக்கு வயது நாற்பது!

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலே இந்திய மகளிர் கூடைப்பந்தாட்ட அணியின் தலைவியானவர். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியவர். தாயான பின்னரும் ஆடுகளத்துக்கு மீண்டவர். 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் தென்னக இரயில்வேயின் வீராங்கனை.

இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். திறமை மட்டும் இவர்களை உயர்த்திவிடவில்லை. படிப்பு முடிந்த பின்னரும் ஆடுவதற்கு ஒருவருக்கு வங்கி இடம் அளித்தது. மற்றவருக்கு இரயில்வே இடம் அளித்தது. மாதச் சம்பளமும் மாலைப் பயிற்சியும் ஒருங்கே கிடைத்தமையால் வீட்டிலே எவரும், “இனிப் பந்து எதற்கு?” என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் மறுமொழி சொல்ல அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. மன்னார்ப் பிள்ளைக்கு அந்தக் காரணம் இல்லை. கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவு. அங்கே போய் வேலை தேடி, விடுதி தேடி, அணி தேடுவதற்குள் கால்கள் ஓட்டத்தை மறந்துவிடுகின்றன.

ஆகவே அன்பர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. வலைப்பந்தாட்டக் களத்தின் நீளம் முப்பதரை மீற்றர், அகலம் பதினைந்தேகால் மீற்றர், சிறிய இடம்தான். பட்டினத்திலே அத்தகைய களம் ஒன்றுக்குச் சீமெந்துத் தரையும், மாலை ஏழு மணிவரை எரியும் விளக்கும் வேண்டும். பயிற்சி நாட்களிலே பேசாலை வழியாகத் தலைமன்னாருக்கு ஒரு பிந்திய பஸ் வேண்டும். மன்னாரிலே கிளை நடத்தும் வங்கிகளும் அலுவலகங்களும் ஆண்டுக்கு இரண்டு மூன்று வீராங்கனைகளையேனும் தெரிந்து வேலை கொடுத்து, ஊரிலேயே ஓர் அணியை அமைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் பழைய மாணவியர் சங்கங்களும் மனம்வைத்தால் இது கூடாத காரியமன்று.

அடுத்த ஆண்டும் சோழகம் வரும், கோடுகளைக் கலைக்கும், பிள்ளைகளும் சுண்ணாம்பு வாளியோடு வந்து திரும்ப இடுவார்கள். காற்றைச் சமாளிக்க அவர்களுக்குத் தெரியும். கடைசி பஸ்ஸைச் சமாளிப்பதுதான் நம் போன்ற பெரியவர்களின் பொறுப்பு.